பழைய வினாடி வினாக் களஞ்சியத்தை ஏன் மூடுகிறோம், புதியது எப்படி இருக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பொழுதுபோக்காகத் தொடங்கிய தமிழ் வினாடி வினாக் களஞ்சியம் இது. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேள்வி தேடிய ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள், இரவில் தூக்கம் வராமல் விளையாடியவர்கள் என்று பலர் பயன்படுத்தினீர்கள். அதை இப்போது நிறுத்திவிட்டு முதலிலிருந்து கட்டுகிறோம். அறிவிப்பு போட்ட நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி முடியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, ஏன் மூடுகிறீர்கள்?

ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் தவறான விடையைச் சரி என்று சொல்லிக்கொண்டே ஓடியது. ஒரு மாணவர் 38 என்று சரியாகச் சொன்னால் "தவறு, தமிழ்நாட்டில் 30 மாவட்டங்கள்" என்று திருத்துகிறது எங்கள் களஞ்சியம். அந்தக் கேள்வி எழுதப்பட்ட நாளில் 30 சரிதான், 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது இருந்த எண்ணிக்கை அது. அதன்பின் 2007இல் அரியலூர், 2009இல் திருப்பூர், 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை என்று மொத்தம் 38 ஆகிவிட்டது. எங்கள் விடை மட்டும் 2004இலேயே நின்றுவிட்டது.

விடை இல்லாத களஞ்சியத்தால் யாருக்கும் பெரிய நட்டம் கிடையாது. தெரிந்தவரையே திருத்தித் தவறாக மாற்றுகிற களஞ்சியத்தால் நட்டம் உண்டு. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

தவறானவற்றை மட்டும் திருத்தினால் போதாதா? எல்லாவற்றையும் ஏன் கலைக்க வேண்டும்?

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், பல வாரம் உட்கார்ந்து திருத்தினோம். அப்புறம்தான் புரிந்தது, எது தவறு என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. ஒரு கேள்விக்குப் பக்கத்தில் எழுதிய தேதி இல்லை, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை, யார் சரிபார்த்தார் என்பதும் இல்லை. கேள்வி, விடை, தெரிவு உள்ளவற்றுக்கு நான்கு தெரிவுகள், அவ்வளவுதான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தக் கேள்வி: "இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் உள்ளன?" களஞ்சியத்தில் விடை 28. பார்த்தவுடன் சரி என்று தாண்டிப் போய்விட்டேன். ஆனால் அது எழுதப்பட்ட காலத்து 28 வேறு. 2000 நவம்பரில் சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் உருவானபோது வந்த 28 அது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்து 29 ஆனது. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகப் பிரிந்தபோது திரும்பவும் 28. அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எங்கள் விடை தவறாக இருந்தது, பிறகு யாரும் கை வைக்காமலேயே சரியாகிவிட்டது. அதே தொகுப்பில் அடுத்த கேள்வி ஒன்றியப் பகுதிகள் பற்றியது, அங்கே விடை 7. அது 2019இல் 9 ஆகி, 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைந்ததால் 8 ஆனது. இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆள் எழுதிய கேள்விகள், இன்றைக்கு ஒன்று சரி, ஒன்று தவறு. சரியாக இருப்பதும் தற்செயலாகச் சரி. இப்படிப்பட்ட தொகுப்பில் எதை நம்பி எதை விடுவது?

பழசாகிப்போனதுதான் பிரச்சினையா?

அது ஒரு வகை. தோண்டத் தோண்ட வேறு வகைகளும் வந்தன.

உலகம் மாறியதால் தவறானவை ஒரு கூட்டம். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா என்றிருந்தோம், 2019இல் அது நூர் சுல்தான் ஆனது, 2022இல் மறுபடி அஸ்தானா. எவரெஸ்ட் 8848 மீட்டர் என்பதை 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 என்று அறிவித்தன. ஆண்கள் டென்னிஸில் அதிக கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர் என்று 14 பட்டங்களுடன் பீட் சாம்ப்ராஸ் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

வரையறை மாறியதால் தவறானவை இன்னொன்று. புளூட்டோ எங்கேயும் போகவில்லை, 2006 ஆகஸ்டில் பிராகாவில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்ற சொல்லுக்குப் பொருள் வகுத்தது, ஒன்பது எட்டானது. அதிக நிலாக்கள் கொண்ட கோள் எது என்பது இதைவிட மோசம். 2023 தொடக்கத்தில் சில மாதங்கள் வியாழன் முன்னே இருந்தது, அதே ஆண்டு மே மாதம் சனி முந்தியது, 2025 மார்ச்சில் மேலும் 128 சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆனது. இதில் ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது.

எழுதியபோது விடை சரியாக இருந்தும் பின்னால் தெரிவுகளால் கெட்டுப்போனவை உண்டு, இவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். "இவற்றில் உலகக் கோப்பைக் கால்பந்தை வெல்லாத நாடு எது? பிரேசில், இத்தாலி, ஸ்பெயின், உருகுவே." விடை ஸ்பெயின். 2010 ஜூலையில் ஸ்பெயின் வென்றதும் இந்தக் கேள்விக்கு விடையே இல்லாமல் போனது.

அப்புறம், எந்தக் காலத்திலும் சரியாக இல்லாதவை. இவைதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவை, ஏனென்றால் இவற்றை நாங்களே பரப்பியிருக்கிறோம். "இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி" என்று தொகுப்பில் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பள்ளி மாணவி கேட்டதற்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012இல் விளையாட்டு அமைச்சகமே பதில் தந்தது. "உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை மெரினா" என்பது நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே பதிந்துவிட்டது. மெரினாவுக்குச் சொல்லப்படும் அதிகபட்ச நீளமே 13 கிலோமீட்டர்தான். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை சுமார் 120 கிலோமீட்டர், பிரேசிலின் கசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கும் மேல். மெரினாவின் மேல் எனக்கும் பாசம்தான், ஆனால் பாசம் வேறு அளவு வேறு.

"முதல்", "முதன்முதலில்" என்று தொடங்கும் கேள்விகளை நிறைய நீக்கியிருக்கிறீர்களே?

நீக்கவில்லை, திருப்பி எழுத எடுத்து வைத்திருக்கிறோம். "ஒருநாள் கிரிக்கெட்டில் முதல் இரட்டைச் சதம் அடித்தவர் யார்?" என்றால் எல்லோரும் சச்சின் என்று தட்டுவார்கள், 2010 பிப்ரவரியில் குவாலியரில். ஆனால் ஆஸ்திரேலியாவின் பெலின்டா கிளார்க் 1997 டிசம்பரிலேயே மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். "ஆண்கள்" என்ற ஒரு சொல் விட்டுப்போனதால், 12 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் செய்த சாதனையை இல்லாததாக ஆக்கியிருக்கிறது அந்தக் கேள்வி.

"முதல் தமிழ் அச்சு நூல் எது?" என்பதும் இப்படித்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்பார்கள் ஒரு சாரார். 1554இலேயே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட ஞான உபதேச நூல் ஒன்று உண்டே என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி, கேள்விதான் சரியில்லை. "தமிழ் எழுத்துகளிலேயே அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்" என்று கேட்டால் சண்டை இல்லை. கேள்வி நீளமாகிறது, பரவாயில்லை.

பாதிக் கேள்விகள் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரிந்தனவே, அது என்ன?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்விகளில் பெரிய சேதம் இங்கேதான் நடந்தது.

தொடக்க காலக் கேள்விகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் தமிழ் என்பது வெறும் வேடம்தான், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். "அம்மா" என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாக இருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். பிறகு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி தரும் யுனிகோடுக்கு எல்லோரும் வந்தபோது நாங்களும் மொத்தத் தொகுப்பையும் ஒரு மாற்றி நிரலுக்குள் போட்டு எடுத்தோம். கேள்விக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்த இடங்களில் அதையும் பாமினி என்று நினைத்து மாற்றி வைத்தது அது. அந்த இடங்கள் கண்ணுக்குத் தெரிகிற தவறு, கண்டுபிடித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தவறு வேறு. பழைய தரவுத்தளத்தில் கேள்விக்கான இடம் 255 பைட் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு). பாமினியில் ஒரு குறிக்கு ஒரு பைட், தாராளமாக இடம் இருந்தது. இப்போது பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், எழுத்துக்கும் மூன்று, அதன்மேல் ஏறும் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனியாக மூன்று மூன்று. "தமிழ்நாட்டின்" என்ற ஒரே சொல் 39 பைட் ஆகிறது. அப்படி ஆறு சொல் வைத்தால் இடம் முடிந்தது. மிச்சத்தைத் தரவுத்தளம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டி எறிந்துவிட்டது.

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. அல்ல, இல்லை, சேராதது எல்லாம் வால் பகுதியில்தான் வரும். "பின்வரும் நாடுகளில் இந்தியாவுடன் நிலவழி எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளின் வரிசையில் சேராதது எது?" என்ற கேள்வி "வரிசையில் சே" என்பதோடு வெட்டுப்பட்டு நின்றது. பிற்பாடு உதவ வந்த ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அதை "சேர்வது எது?" என்று முடித்து வைத்தார். தெரிவுகள் நேபாளம், பூடான், மியான்மர், இலங்கை. விடை இலங்கை என்றே இருந்தது. இலக்கணம் சரி, எழுத்து சரி, பார்க்க முழுமையான கேள்வி, பொருள் மட்டும் தலைகீழ். இப்படி எத்தனை கேள்விகள் தலைகீழாகியிருக்கும் என்பதை எந்த நிரலும் சொல்லாது, ஒவ்வொன்றாக மனிதர் படித்துத்தான் ஆக வேண்டும். மூடிவிட்டு மறுபடி கட்டலாம் என்று எங்களில் தயங்கியவர்களும் ஒப்புக்கொண்டது இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான்.

சரியான விடையை எழுத்துப் பிசகாமல் தட்டினேன், தவறு என்று வந்தது. என் தவறா?

உங்கள் தவறு இல்லை. கொல்கத்தா என்பதில் உள்ள "கொ"வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எங்கள் விடை ஒரு விதத்தில் இருந்தது, உங்கள் விசைப்பலகை இன்னொரு விதத்தில் தந்தது. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதே கதை உண்டு. "ஔ" என்று போட வேண்டிய இடத்தில் ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டியவர்களும் இருக்கிறார்கள். புதிய களஞ்சியத்தில் விடையை ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

ரகர றகரப் பிழை, லகர ளகரப் பிழை இருந்தால் விடையை ஏற்பீர்களா?

ஏற்போம், கூடவே சரியான எழுத்தைக் காட்டுவோம். விளையாடுபவருக்குச் செய்தி தெரியுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஆனால் தமிழ் இலக்கணம், இலக்கியம் பற்றிய கேள்விகளில் ஏற்கமாட்டோம், அங்கே எழுத்தே விடையின் ஒரு பகுதி. இதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் நான் சொன்னதுதான் முடிவானது, யாருக்காவது மனக்குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

புதிய களஞ்சியத்தில் ஒரு கேள்வி எப்படி இருக்கும்?

கேள்வியும் விடையும் மட்டும் இருக்காது. எழுதிய நாள், எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தது, யார் இரண்டாவதாகச் சரிபார்த்தார், விடை எந்த நாளிலிருந்து பொருந்தும், அடுத்து எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் கூடவே இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தேதி வந்தும் யாரும் பார்க்கவில்லை என்றால் அந்தக் கேள்வி தானாகவே விளையாட்டிலிருந்து விலகிவிடும், யாராவது பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் திரும்ப வரும். நாளைக்கு எங்களுக்கு வேலை அதிகமாகி யாருமே கவனிக்க முடியாமல் போனால், களஞ்சியம் சிறிதாகிக்கொண்டே போகும். ஆனால் பொய் சொல்லாது.

எல்லாக் கேள்விக்கும் ஒரே கெடு கிடையாது. முதலாம் பானிபட் போர் 1526 என்பதை அடிக்கடி தட்டிப் பார்க்கத் தேவையில்லை. விளையாட்டுச் சாதனைகளுக்கு ஆறு மாதம், பதவியில் இருப்பவர்கள் பற்றியதற்கு மூன்று மாதம் என்று வைத்திருக்கிறோம். அறிவியலை "மாறாதது" பெட்டியில் போட்டு மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கிலோகிராமுக்கான வரையறையே 2019 மே 20 முதல் மாறிவிட்டது, பாரிஸ் பக்கத்தில் வைத்திருக்கும் உலோக உருளை இப்போது அளவுகோல் இல்லை, பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் மாறிலியை வைத்துத்தான் வரையறை. எனவே அறிவியலுக்கும் கெடு உண்டு, கொஞ்சம் நீண்ட கெடு.

"தற்போதைய முதல்வர் யார்" மாதிரிக் கேள்விகள் இனி இருக்காதா?

மிகக் குறைவாக இருக்கும். பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே காலத்தைக் கட்டிவிடுகிறோம். "உலகில் மக்கள்தொகை அதிகமுள்ள நாடு எது?" என்றால் 2023 வரை சீனா, அதன்பின் இந்தியா. "2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ எவ்வளவு?" என்றால் 121 கோடி, இன்னும் நூறு ஆண்டு கழித்தும் அதே விடைதான். "இன்று", "தற்போது", "இதுவரை", "அண்மையில்" என்ற சொற்கள் வந்தால் கேள்வியை உள்ளே விடும் முன் நிரலே நிறுத்திக் கேட்கும்.

தவறான விடைகளை எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் அடிப்படை. ஆனால் எதை முதலில் படிப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி கிடைத்தது, வேறு யாராவது இப்படித் தொகுப்பு வைத்திருந்தால் உங்களுக்கும் உதவும். பழைய விளையாட்டுப் பதிவுகளை எடுத்து, மொத்தத்தில் நன்றாக ஆடுபவர்கள் யார் என்று பிரித்தோம். அவர்கள் தொடர்ந்து தோற்கும் கேள்விகளைத் தனியாக எடுத்தோம். உண்மையிலேயே கடினமான கேள்வி என்றால் கெட்டிக்காரர்களின் தவறான விடைகள் மூன்று தெரிவுகளிலும் சிதறிக் கிடக்கும். எல்லோரும் ஒரே "தவறான" தெரிவையே அழுத்தியிருக்கிறார்கள் என்றால், அநேகமாக அவர்கள் சரி, நம் விடை தவறு. மாநிலங்கள் கேள்வி இப்படித்தான் மேலே மிதந்து வந்தது. காலத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு, ஒரு கேள்வியில் சரி சொல்பவர்களின் பங்கு திடீரென்று ஒரு நாளில் சரிந்தால் உலகத்தில் அன்றைக்கு ஏதோ மாறியிருக்கிறது.

இந்த வழியில் பிடிபடாதது ஒன்று உண்டு, எல்லோருமே தவறாக நம்பும் விஷயம். ஹாக்கியும் மெரினாவும் இந்த வலையில் சிக்கவே இல்லை, அவற்றில் எல்லோரும் "சரியாக" விடை சொல்லியிருந்தார்கள்.

நான் அனுப்பிய கேள்விகள் என்ன ஆகும்? அவை யாருக்குச் சொந்தம்?

எழுதியவருக்குத்தான். அன்றைக்கு நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பினீர்கள், நாங்கள் நன்றி சொல்லி ஏற்றிவிட்டோம், எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. அது எங்கள் தவறு. புதிய களஞ்சியத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தும்படி வெளியிட விரும்புகிறோம், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். முகவரி கிடைத்த எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். சம்மதம் வந்தால் உங்கள் பெயரோடு அப்படியே வரும். பதில் வராவிட்டால் உங்கள் வாசகத்தை எடுக்கமாட்டோம், அந்தச் செய்தியை மட்டும் எடுத்து, ஆதாரம் தேடி, எங்கள் சொற்களில் புதிதாக எழுதுவோம்.

செய்தியை மட்டும் எடுக்கலாமா? அதுவும் திருட்டு இல்லையா?

ஒரு செய்தி யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன விதமும் தொகுத்த விதமும்தான் சொந்தம். இதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. பொது அறிவுக் கலைக்களஞ்சியங்கள் எழுதிய ஃபிரெட் வொர்த் என்பவர், யாராவது திருடினால் பிடிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைத் தன் நூலில் நட்டு வைத்தார், கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ஃபிலிப் என்று. அந்தப் பொய் அப்படியே டிரிவியல் பர்சூட் விளையாட்டில் கேள்வியாக வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவர் நூலையும் பயன்படுத்தியதை மறுக்கவில்லை, பல நூல்களில் அதுவும் ஒன்று என்றார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்று.

எனக்கு இந்த வழக்கில் சட்டத்தைவிட முக்கியமாகப் படுவது அந்த ஃபிலிப். ஒரு நூலை மட்டும் நம்பி எழுதினால் அதன் பொய்யும் கூடவே வந்துவிடும். அதனால்தான் ஒரு கேள்விக்கு ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரங்கள் வேண்டும் என்று விதி வைத்தோம். இன்னொன்று, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் கணினித் தரவுத்தளமும் வருகிறது. எனவே வழிகாட்டி நூலிலிருந்தோ வேறு செயலியிலிருந்தோ ஒரு தொகுப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து தராதீர்கள். பழைய களஞ்சியத்தில் அப்படி வந்தவற்றை அடையாளம் கண்டவரை விலக்கிவிட்டோம்.

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, ஒரே நாளில் பத்தாயிரம் கேள்வி எழுதிவிடுமே?

எழுதிவிடும். பத்தாயிரம் கேள்வியைச் சரிபார்க்க ஆள் யார்? கேள்வி எழுதுவது எங்களுக்கு ஒருநாளும் பற்றாக்குறையாக இருந்ததில்லை, சரிபார்ப்பதுதான் பற்றாக்குறை. இணையத்தில் அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதையே அதுவும் சொல்லும், மெரினாவும் ஹாக்கியும் அந்த வழியாகத் திரும்பி வருவதை நான் விரும்பவில்லை. இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க, தெளிவில்லாத வாசகத்தைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்துகிறோம். விடையைத் தீர்மானிக்க மாட்டோம்.

விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிதரவு என்ற திறந்த தரவுத்தொகுப்பு வேறு விஷயம், அதைப் பெரிதும் நம்பியிருக்கிறோம். 2012 முதல் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு செய்திக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட இடம் உண்டு. நம் கேள்வியை அங்குள்ள பதிவோடு இணைத்து வைத்தால் அங்கே மாறும்போது இங்கே மணி அடிக்கும். மணி அடிக்கும், அவ்வளவுதான், விடையை மாற்றுவது மனிதர்.

என் கணக்கு, மதிப்பெண், கடவுச்சொல்?

கணக்குகளைப் புதியதற்குக் கொண்டுபோகவில்லை. பழைய நிரலில் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய முறையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன, இன்றைக்கு அது பாதுகாப்பே இல்லை. மொத்தமாக அழித்துவிட்டோம். அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தினால் இன்றே மாற்றிவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம், புதிய பட்டியல் சுழியிலிருந்து தொடங்கும். பல ஆண்டு ஆடிச் சேர்த்ததை இழப்பது வருத்தம்தான், ஆனால் சரியான விடை சொன்னதற்காக மதிப்பெண் இழந்தவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்று இனிமேல் கணக்குத் தீர்க்க வழியில்லை.

போட்டித் தேர்வுக்கு உங்கள் கேள்விகளை வைத்துத்தான் படித்தேன். இப்போது என்ன செய்வது?

பழைய தொகுப்பை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அச்சிட்டு வைத்திருந்தால் அதையும். ஆண்டு, எண்ணிக்கை, "மிகப் பெரிய", "மிக உயரமான" வரும் கேள்விகளை மட்டுமாவது பாடநூலோடும் அரசின் தற்போதைய பக்கங்களோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தேர்வாணையமே தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று கேட்கிறது. ஒரு பொழுதுபோக்குத் தொகுப்பு அதைவிட உறுதியாகப் பேசியிருக்கக் கூடாது. எங்களை நம்பிப் படித்து ஒரு மதிப்பெண் இழந்தவர் ஒருவர் இருந்தாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு ஏதாவது மாறுமா?

மாறும். பழைய கேள்விகள் சென்னையில் உட்கார்ந்து எழுதியவை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும். "நமது நாட்டின்", "நமது மாநிலத்தின்" என்று எழுதியிருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு நாட்டின் பெயரை எழுதுகிறோம். இலங்கையின் தலைநகர் கொழும்பு என்று மட்டும் இருந்தது, நாடாளுமன்றம் 1982இலேயே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போய்விட்டது. மாகாணங்களின் கணக்கில் வடக்கும் கிழக்கும் ஒன்றாகவே கிடந்தன, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2007 முதல் அவை தனித்தனி. இவற்றை யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எழுதிச் சொன்னீர்கள், நன்றி.

எழுத்து வழக்கும் சேர்கிறது. டொராண்டோ என்றாலும் ரொறன்ரோ என்றாலும் ஒரே ஊர், இரண்டும் சரி.

பழைய தொகுப்பை இறக்கிக்கொள்ள முடியுமா?

முடியும், ஆவணமாக. சம்மதம் கிடைத்த கேள்விகள் மட்டும், "சரிபார்க்கப்படாதது, விளையாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்" என்ற குறிப்பு ஒவ்வொரு வரியிலும் இருக்கும். கோப்பின் தலையில் மட்டும் போட்டால் நகலெடுக்கும்போது விழுந்துவிடும், அதனால் வரிக்கு வரி. சிஎஸ்வி, ஜேசான் என்ற இரண்டு கோப்பு வடிவத்திலும் கிடைக்கும். எக்செலில் திறந்தால் தமிழ் உடையாமல் இருக்க சிஎஸ்வி கோப்பின் தொடக்கத்தில், எழுத்துமுறையைக் காட்டும் பைட் வரிசைக் குறி சேர்த்திருக்கிறோம்.

கேள்வி எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன், அது செல்லுமா?

பழைய எண்கள் பழைய கேள்விகளுக்கே. எந்த எண்ணையும் வேறு கேள்விக்குக் கொடுக்கமாட்டோம். திருத்தி எழுதப்பட்டிருந்தால் பழைய எண் புதியதைக் காட்டும், கைவிடப்பட்டிருந்தால் ஏன் என்று ஒரு வரி இருக்கும்.

படம் பார்த்து விடை சொல்லும் விளையாட்டு?

ஃபிளாஷில் செய்தது, 2020 டிசம்பரோடு ஃபிளாஷ் முடிந்தது. படங்கள் பலவற்றுக்கு உரிமை எங்களிடம் இல்லை. திரும்ப வராது.

எப்போது தயாராகும்?

ஒரே நாளில் திறக்கமாட்டோம். பிரிவு பிரிவாக வரும், இரண்டு பேர் சரிபார்த்து முடித்த பிரிவு மட்டும். தமிழ் இலக்கியமும் புவியியலும் முதலில், சினிமா கடைசியில், ஏனென்றால் பழைய படங்களின் ஆண்டுகளுக்கு நம்பத்தக்க இரண்டு ஆதாரம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை.

நான் எப்படி உதவலாம்?

புதிய கேள்வி அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு. ஏற்கெனவே இருப்பதில் பத்துக் கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள். வாசகத்தைக் கடைசிச் சொல் வரை படியுங்கள், வால் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடைக்கு ஓர் ஆதாரம் தேடுங்கள், அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று குறியுங்கள். மற்ற மூன்று தெரிவுகளும் உண்மையிலேயே தவறா என்றும் பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். உங்கள் ஊரைப் பற்றிய கேள்வி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். தென்காசிக்காரர் ஒருவர் தன் மாவட்டத்துக் கேள்விகள் எல்லாவற்றையும், குற்றாலம் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே கிடந்தது உட்பட, ஒரு வார இறுதியில் முடித்துக் கொடுத்தார். இப்போது அடுத்த பத்துக்கு ஆள் தேவை.